செல்லப்பிராணியாக எலிக்குட்டி: கடிக்காமல் பழகுமா? முதல் 6 வாரங்கள் ஏன் முக்கியம்?

எலின்னு சொன்னாலே பொறியையும் மருந்தையும் தேடுபவர்கள்தான் நம்மில் அதிகம். ஆனால், அதே எலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருபவர்களும் இருக்கிறார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும் அளவுக்கு எலிகள் மனிதர்களுடன் பழகக்கூடியவை.

"அதெல்லாம் சரி, கடிக்காதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கான பதில் பெரும்பாலும் அந்த எலி பிறந்த முதல் 6 வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. எப்படி? பார்க்கலாம்.

பரண் மேல் இருக்கும் எலியும் வளர்ப்பு எலியும் ஒன்றா?

இனம் என்று பார்த்தால், வளர்ப்பு எலிகள் பழுப்பு எலி எனப்படும் 'ரேட்டஸ் நார்வெஜிகஸ்' வகையைச் சேர்ந்தவை. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எலி பிடிப்பதைத் தொழிலாகச் செய்தவர்கள், வித்தியாசமான நிறத்தில் சிக்கிய எலிகளைக் கொல்லாமல் தனியாக வளர்த்து விற்றார்கள். விக்டோரியா மகாராணியின் எலி பிடிப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக் அவர்களில் ஒருவர். 1901-ல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி அய்ல்ஸ்பரி நகரில் நடந்த கண்காட்சிக்கு எலிகளைக் கொண்டுவந்தார். வளர்ப்பு எலிகளுக்கான தேசிய சங்கம் 1976-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது.

அதாவது, இன்றைய வளர்ப்பு எலிகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பல தலைமுறைகளாக மனிதர்களிடம் வளர்ந்தவை. பரணில் கிடைத்த குட்டி அப்படி அல்ல. மனிதனைக் கண்டு பயப்படும் குணம் அதன் ரத்தத்திலேயே இருக்கும். எலிக்காய்ச்சல் உள்ளிட்ட நோய்க்கிருமிகளும் இருக்கலாம். பாவமாக இருக்கேன்னு அதை எடுத்து வளர்க்க வேண்டாம்.

பிறந்தது முதல் எப்படி வளரும்?

கர்ப்பகாலம் 21 முதல் 23 நாட்கள். அதன்பின் வளர்ச்சி மின்னல் வேகம்தான்.

- முதல் நாள்: சுமார் 5, 6 கிராம் எடை. முடி இருக்காது, கண் தெரியாது, காது கேட்காது. வயிற்றில் வெள்ளையாகப் பால் இருப்பது தோல் வழியாகவே தெரியும். அது தெரிந்தால் குட்டி நன்றாகக் குடிக்கிறது என்று அர்த்தம்.
- ஒரு வாரத்துக்குப் பிறகு: மெல்லிய முடி முளைக்கும்.
- இரண்டு வாரம்: காது திறந்து, கண்ணும் திறக்கும்.
- மூன்றாவது வாரம்: தாயின் தட்டில் இருந்து திட உணவை எடுத்துக் கொறிக்கத் தொடங்கும்.
- 4 முதல் 6 வாரம்: ஓட்டம், குட்டிக்கரணம், சண்டை விளையாட்டு. பழக்கம் உருவாகும் முக்கியமான காலம் இது.

எப்போது கையில் எடுக்கலாம்?

தாய் எலி உங்களுடன் ஏற்கெனவே பழகியிருந்தால், முதல் வாரத்தில் இருந்தே தினமும் சில நிமிடங்கள் குட்டிகளைத் தொடலாம். தாய் பதற்றமாக இருந்தால் இரண்டு, மூன்று நாட்கள் பொறுப்பது நல்லது.

1950-களில் அமெரிக்க விஞ்ஞானி சீமோர் லெவின் செய்த ஆய்வுகளில், குட்டியாக இருக்கும்போது தினமும் சிறிது நேரம் கையில் எடுக்கப்பட்ட எலிகள், தொடப்படாத எலிகளைவிட பயம் குறைந்தவையாக வளர்ந்தன. 1997-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மீனியின் குழு, தாய் அதிகமாக நக்கிக்கொடுத்து வளர்த்த குட்டிகளுக்கு மன அழுத்த ஹார்மோன் கட்டுக்குள் இருந்ததைக் காட்டியது. எனவே, நீங்கள் தொட்டாலும் குட்டி சீக்கிரம் தாயிடம் திரும்பிப் போக வேண்டும்.

கண் திறந்த பிறகு நேரத்தை அதிகரிக்கலாம். காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் போதும். ஆனால், ஒரு நாளும் விடக் கூடாது.

- மேலிருந்து கையை நீட்டிப் பிடிக்காதீர்கள். எலிக்கு அது பருந்து பாய்வது மாதிரி. இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.
- வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வாலின் தோல் உறை மாதிரி கழன்று வந்துவிடும்.
- கம்பி இடுக்கு வழியாகத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். 'கம்பிக்குள் வருவதெல்லாம் சாப்பாடு' என்று பழகிவிட்டால் விரலையும் கடிக்கும். ஸ்பூனிலோ உள்ளங்கையிலோ வைத்துக் கொடுங்கள்.

எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும் என்றால் நம்புவீர்களா? 1990-களின் இறுதியில் ஆய்வாளர் ஜாக் பாங்க்செப், குட்டி எலிகளின் கழுத்திலும் வயிற்றிலும் கிச்சுகிச்சு மூட்டியபோது அவை சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்புவதைக் கண்டறிந்தார். நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அந்தக் குட்டிகள் மறுபடி விளையாட, கையைத் துரத்திக்கொண்டே வந்தன.

ஒரே ஒரு எலி மட்டும் வளர்க்கலாமா?

கூடாது. எலி கூட்டமாக வாழும் உயிரினம். குட்டிகள் போடும் சண்டை விளையாட்டில்தான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கின்றன. அந்தப் பாடம் இல்லாமல் தனியாக வளரும் குட்டி பயந்தாங்கொள்ளியாகவோ முரடாகவோ மாறக்கூடும். ஒரே பாலினத்தில் குறைந்தது இரண்டாவது வளர்க்க வேண்டும். ஐந்து வாரம் ஆகும் முன் தாயிடமிருந்து பிரித்துத் தருவதாகச் சொன்னால், வாங்க வேண்டாம்.

அதே நேரம், ஐந்து வாரத்துக்கு மேல் தாமதிக்கவும் கூடாது. அந்த வயதிலேயே ஆண் குட்டிகள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடலாம். எனவே அவற்றைத் தாய், சகோதரிகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். பிரசவித்த 24 மணி நேரத்துக்குள் தாய் எலி மீண்டும் கருத்தரிக்க முடியும் என்பதால், அப்பா எலியைப் பிரசவத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். இல்லேன்னா மூன்றே வாரத்தில் இன்னொரு பிரசவம் பார்க்க வேண்டிவரும்!

கூண்டு, சாப்பாடு

கம்பிகளுக்கு இடையே அரை இஞ்ச்சுக்கு மேல் இடைவெளி இருந்தால் குட்டி நழுவி வெளியே வந்துவிடும். பைன், தேவதாரு மரத்தூளைத் தவிர்த்து, காகிதத் துண்டுகளையோ பழைய பருத்தித் துணியையோ விரிக்கலாம். சிறுநீரில் இருந்து வரும் அம்மோனியா நுரையீரலைப் பாதிக்கும் என்பதால் விரிப்பை அடிக்கடி மாற்ற வேண்டும்.

எலிகளுக்கான பெல்லட் உணவுதான் பிரதானம். வளரும் குட்டிக்கு வேகவைத்த முட்டை கொஞ்சம் தரலாம். பச்சையான பீன்ஸ் விதைகள், சாக்லேட் வேண்டாம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் ஒவ்வாத எதையாவது தின்றுவிட்டால் ஆபத்து.

எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயில் காலத்தில் கூண்டை நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைப்பது கட்டாயம்.

தாய் இறந்துவிட்டால்?

அதே வயதுக் குட்டிகளுடன் வேறு தாய் எலி இருந்தால், அதனிடம் சேர்ப்பதே சிறந்த வழி. இல்லையென்றால் முதலில் குட்டியைச் சூடாக்குங்கள். உடல் சில்லென்று இருக்கும்போது பால் கொடுத்தால் செரிக்காது. பூனைக்குட்டிக்கான பால் பவுடரைக் கலந்து, இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகத் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும்.

நோய் வருமா? கவனிக்க வேண்டியவை

எலிக்கு: மூச்சில் கரகர சத்தம், தொடர் தும்மல், எடை குறைவு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 'மைக்கோபிளாஸ்மா' என்ற நுரையீரல் தொற்று எலிகளிடம் மிகவும் சாதாரணம். கண், மூக்கில் சிவப்பாக வடிந்தால் அது பெரும்பாலும் ரத்தம் அல்ல, போர்ஃபிரின் என்ற சுரப்பு. ஆனாலும் அது நோய் அல்லது மன அழுத்தத்தின் அறிகுறி.

மனிதர்களுக்கு: ஆரோக்கியமாகத் தெரியும் எலியின் வாயிலும் எலிக்கடிக் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா இருக்கலாம். 2013-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், வளர்ப்பு எலியிடமிருந்து இந்த நோய் தொற்றி 10 வயது சிறுவன் உயிரிழந்தான். கடி மட்டுமல்ல, கீறல் மூலமும் இது பரவும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக் மருந்துகளால் குணப்படுத்தலாம். எனவே, கடிபட்ட இடத்தை உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில நாட்களில் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால், வீட்டில் எலி வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எலியைத் தொட்ட பிறகு கை கழுவுவது, முத்தம் கொடுக்காமல் இருப்பது, சமையலறைக்குள் விடாமல் இருப்பது ஆகியவை அடிப்படை விதிகள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் எலி வேண்டாம் என்பதே பரிந்துரை.

முடிவு எடுக்கும் முன்...

எலியின் ஆயுள் 2 முதல் 3 ஆண்டுகள்தான். அதில் முதல் 6 வாரங்கள் கூடவே உட்கார நேரம் இருக்கா, பக்கத்தில் எலிக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் மட்டும் கூண்டு வாங்கப் போங்கள்.