குட்டியைக் கொண்டுபோய் விட்டால் போதுமா?

மார்க்கையன்கோட்டை நெல் விளைகிற ஊர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் காணும் கம்பம் பள்ளத்தாக்கில் எலிக்குப் பஞ்சமில்லை, அதனால் பூனைக்கும் பஞ்சமில்லை. வீட்டில் ஒரு பூனை கிடந்தால் நல்லது என்பார்கள். அது குட்டி போட்டதும் கையைப் பிசைவார்கள். பிறகு குட்டிகள் சாக்கில் ஏறும். வண்டியில் ஊர் தாண்டிப் போய் மீன் கடைப் பக்கமோ வாய்க்கால் ஓரமோ விட்டுவிட்டு, "எங்கிட்டாவது பிழைச்சுக்கும்ணே" என்று சொல்லித் திரும்புவார்கள்.

பால் மறக்காத குட்டி பிழைக்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இது உறுத்தும் சிலர் டீக்கடையில் கேட்கிறார்கள்: "சிட்டியில பூனைக் காப்பகம்னு இருக்காமே, ஒண்ணையும் கொல்ல மாட்டாங்களாமே, அங்க கொண்டுபோய் விட்டுட்டா என்னப்பா?" நல்ல மனசோடு கேட்கிற கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், டீ வரட்டும்.

கொல்லாத காப்பகம் என்றால் அங்கே ஒரு பூனையும் சாகாது என்று பொருளில்லை. இடமில்லை, தத்தெடுக்க ஆளில்லை, வயதாகிவிட்டது என்ற காரணங்களுக்காக எந்தப் பூனையையும் ஊசி போட்டு முடிக்கமாட்டார்கள். மீளவே முடியாத வலியில் துடிக்கிற உயிருக்கு மட்டும் மருத்துவர் பார்த்து அமைதியான சாவைத் தருவார். அமெரிக்காவில் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: உள்ளே வரும் பத்தில் ஒன்பது உயிராவது பிழைத்து வெளியே போக வேண்டும். 1994இல் சான் பிரான்சிஸ்கோவின் விலங்கு நலச் சங்கம், ஆரோக்கியமான நாய், பூனை எதையும் இனிக் கொல்வதில்லை என்று நகரக் காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டது. அதுவரை பெரிய நகரங்களில் இடம் போதவில்லை என்றால் கொல்வதே வழக்கமாக இருந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ரோம் நகரம். ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட இடமான டோரே அர்ஜென்டினாவில், இடிந்த பழங்கோயில்களுக்கு நடுவே பூனைகள் வாழ்கின்றன. அவற்றுக்குச் சோறு வைத்து வந்த பெண்கள், 1990களில் அங்கேயே ஒரு புகலிடம் அமைத்தார்கள். இன்றும் அதை நடத்துவது தன்னார்வலர்கள்தான். நன்கொடை, சிறு கடை, வேறு ஊரில் இருப்பவர் ஒரு பூனையின் செலவை ஏற்கும் தொலைதூரத் தத்து என்று பணம் வருகிறது. 1991இல் இத்தாலி போட்ட சட்டமும் துணை நிற்கிறது: தெருவில் சுதந்திரமாக வாழும் பூனையைக் கொல்லக் கூடாது, கருத்தடை செய்து அது வாழ்ந்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும்.

அந்தச் சட்டத்தில் கருத்தடை ஏன் வந்தது? கணக்கைப் பாருங்கள். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும். சினைக்காலம் இரண்டு மாதம்தான். ஒரு ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடித்துவிடும். இந்த வேகத்துக்கு எந்தக் கட்டடமும் தாங்காது. அதனால்தான் நேர்மையான காப்பகம், இடம் நிரம்பினால் "இப்போது முடியாது" என்று சொல்கிறது. அதைக் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் உண்டு. என் கருத்தில், கொல்லாமலும் இருந்து, வருகிற எல்லாவற்றையும் வாங்கியும் போடும் இடம்தான் பயப்பட வேண்டிய இடம். நெரிசலில் நோய் புகுந்தால், கொல்லாத காப்பகத்தில் பூனைகள் தாமாகவே கொத்துக் கொத்தாகச் சாகும்.

குடல் வழியாகத் தாக்கும் பான்லூக்கோபீனியா என்ற நோய் அப்படிப்பட்டது. குட்டிகளை ஓரிரு நாளில் சாய்த்துவிடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சோப்புத் தண்ணீருக்கு மசியாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். அதனால் புதிதாக வந்த பூனையை இரண்டு வாரம் தனி அறையில் வைப்பார்கள். அந்த அறைக்குத் தனிச் செருப்பு, தனித் தட்டு, தனித் துடைப்பம். தடுப்பூசி உண்டு, எட்டு வார வாக்கில் தொடங்கி மறுஊசியும் போட வேண்டும். போட்டோவில் வராத வேலை இதெல்லாம். தன்னார்வலரின் பொழுது கொஞ்சுவதில் போவதில்லை, தரை கழுவுவதிலும் மணல் தட்டு அள்ளுவதிலும் போகிறது.

தாயில்லாக் குட்டி வந்தால் வேலை இரவுக்கும் நீளும். கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும், நடுச்சாமத்திலும். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வந்து சுருண்டுவிடும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு இருக்கிறது. உடம்பு சில்லிட்ட குட்டிக்கு உடனே பால் புகட்டக் கூடாது, செரிக்காது. முதலில் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். மல்லாக்கப் போட்டுப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புறக் கிடத்தித்தான் கொடுக்க வேண்டும். முதல் மூன்று வாரம் அதற்குத் தானாக ஒன்றுக்குப் போகக்கூடத் தெரியாது. தாய் நக்கிவிடும் வேலையை நாம் ஈரப் பஞ்சால் செய்ய வேண்டும். இதையெல்லாம் காப்பகத்தில் உட்கார்ந்து செய்ய ஆள் கிடையாது. யாரோ ஒரு ஆசிரியை, யாரோ ஒரு கல்லூரிப் பையன் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் எட்டு வாரம் வளர்த்துத் தருவார்கள். கொல்லாத காப்பகம் நிற்பது இவர்கள் வீட்டு அடுப்படியில்.

"பூனை குட்டி போட்டா ஏழு வீடு மாத்தும்" என்று நம் பெரியவர்கள் சொல்வது இங்கே உதவும். வைக்கோல் போரடியில் குட்டிகள் தனியாகக் கத்தினால் தாய் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இரை தேடப் போயிருக்கும், அல்லது ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். நாயில்லாத இடமாக இருந்தால், தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். அவசரப்பட்டுத் தூக்கி வந்த நல்லவர்களாலேயே அநாதையான குட்டிகள் நிறைய.

கொல்லாமல் கருத்தடை செய்யும் எண்ணம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பமும் 1959இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று 1964இலேயே மாநகராட்சியிடம் சொன்னது. மாநகராட்சி அதற்கு வந்தது 1996இல். முப்பத்திரண்டு வருடம் விடாமல் கேட்டிருக்கிறார்கள். நாய்க்கு நடந்த அந்த ஏற்பாடு பூனைக்கு இன்னும் அந்த அளவுக்கு இங்கே வரவில்லை.

சட்டத்தைக் கேட்டால், 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதே குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! யாருக்கு இது உறைக்கும்? விஷம் வைத்துக் கொல்வது வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

நம் பக்கம் பூனைக் கருத்தடையைத் தொடங்கக் கட்டடம் தேவையில்லை. தேனியில் 2020 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூனைக்கு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்யும் வசதி எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் இருக்காது, கேட்டுக்கொண்டு போங்கள். தெருவில் நால்வர் சேர்ந்தால் போதும்: ஒருவர் கூண்டு வைத்துப் பிடிக்க, ஒருவர் வண்டியில் கொண்டுபோக, ஒருவர் ஆபரேஷன் ஆனதைப் பத்து நாள் வீட்டில் வைத்துப் பார்க்க, ஒருவர் செலவைப் பகிர. மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவது பல நாடுகளில் வழக்கம். தூரத்தில் பார்த்தாலே ஆபரேஷன் ஆனது என்று தெரியும், இரண்டாம் முறை பிடிக்க வேண்டாம். பிடிக்கும்போது கடித்தாலோ பிறாண்டினாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வெறிநோய் பூனை வழியாகவும் வரும். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

உங்கள் வீட்டுப் பெட்டைப் பூனைக்கு நாலு மாதம் ஆகிவிட்டதா? அடுத்த ஈற்றுக்குச் சாக்கு தேடும் முன், இந்த வாரமே அதைக் கூடையில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.