கான்டெசாவுக்கு ஐந்தாவது கியர்

பழைய இரும்பு – 11

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சிக்குப் போகிற சாலையில் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. புதுச்சேரி பஸ், மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரி, கிரிவலத்துக்கு வந்து திரும்புகிற வேன் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். அந்த வேகத்துக்கு ஒரு பழைய அம்பாசடரும் ஓடும், ஓடாமல் இல்லை. ஆனால் பின்சீட்டில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் டிரைவர் குரலை உயர்த்தியாக வேண்டும். “இன்ஜின் கத்துது” என்பார்கள். அடுத்த பேச்சே இன்ஜினை இறக்கிவிட்டு வேறு ஒன்றை ஏற்றுவதைப் பற்றித்தான் இருக்கும். இன்ஜின் மேல் பழி போடுவது தவறு என்பது என் கட்சி. அதைக் கத்தவைப்பது அதற்குப் பின்னால் தொங்குகிற நாலு கியர் பெட்டி. பழைய காரில் எதையாவது ஒன்றை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், மாற்ற வேண்டியது கியர் பாக்ஸ்தான்; அதுவும் சில நிபந்தனைகளோடு.

கணக்கு எளிது. அந்தக் கால நாலு கியர் பெட்டியில் டாப் கியர் என்றால் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஜாயின்ட் ஷாஃப்டும் ஒரு சுற்று சுற்றும். அதன்பிறகு பின் ஆக்சிலில் இருக்கிற கிரவுன்–பினியன் வேகத்தைக் குறைக்கும். கணக்குக்கு வசதியாக அந்தக் குறைப்பு நாலரை மடங்கு என்றும், டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 667 சுற்று. இன்ஜின் 3,000 சுற்று. ஐந்தாவது கியர் 0.85 என்று இருந்தால் அதே 80-ல் இன்ஜின் 2,550 சுற்றில் முடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 450 சுற்று மிச்சம். ஒரு மணி நேரப் பயணத்தில் 27,000 முறை பிஸ்டன் மேலும் கீழும் போகாமல் தப்பிக்கிறது. சத்தம் குறைவதைவிட எனக்கு இந்த எண்தான் முக்கியமாகப் படுகிறது. உதிரி பாகம் கிடைக்காத இன்ஜினின் ஆயுளை இப்படித்தான் நீட்ட முடியும். ஐந்தாவது கியரை வேகத்துக்கான கியர் என்று நினைப்பவர்கள் பாதி விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அமெரிக்கர்கள் இந்தக் கணக்கை வேறொரு வழியாக வந்தடைந்தார்கள். 1964-ம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜிடிஓ, நடுத்தரக் காரின் உடம்பில் 6.4 லிட்டர் இன்ஜினைத் திணித்து ‘மஸில் கார்’ என்ற ரகத்தையே பிரபலமாக்கியது. அதற்கும் அதன் பங்காளிகளுக்கும் கொடுத்த பேர்பெற்ற நாலு கியர் பெட்டிகளிலும் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்றுதான். சிக்னலில் சீறிக் கிளம்புவதற்காகப் பின் ஆக்சிலையும் குட்டை விகிதத்தில் போட்டார்கள். கால் மைல் பந்தயத்துக்கு அது சரி, நெடுஞ்சாலையில் தலைவலி. அந்தத் தலைவலிக்கு மருந்தாக இன்று அங்கே ஒரு தொழிலே நடக்கிறது. டிரெமெக் என்ற நிறுவனத்தின் டிகேஎக்ஸ் என்கிற ஐந்து கியர் பெட்டி பழைய கார்களின் தரைக்கு அடியில் அடங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. கியர் கம்பி எந்த இடத்தில் மேலே வர வேண்டும் என்பதைக்கூட அதில் மாற்றிவைத்துக்கொள்ளலாம், தரையை வெட்டாமல் இருப்பதற்காக. இந்த ஒரு கவனத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் ஊரில் மஸில் கார் என்று சொல்லத் தகுதியுள்ளது கான்டெசா ஒன்றுதான். இங்கிலாந்தின் வாக்ஸால் விஎக்ஸ் காரின் அச்சுகளை வாங்கி இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்தது. நீண்ட பானெட், அகன்ற முகம், பார்த்தாலே பயம் தருகிற தோற்றம். உள்ளே இருந்ததோ அம்பாசடரில் ஓடிய அதே 1,489 சிசி இன்ஜின், நாலு கியர். பீமனுக்குப் பூஞ்சை நெஞ்சு. அந்தக் குறையைக் கம்பெனியே உணர்ந்து, சில வருடங்களில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் போட்டு ‘கான்டெசா கிளாஸிக்’ ஆக்கியது. 1990-களின் தொடக்கத்தில் அதே ஜோடி அம்பாசடருக்கும் வந்தது. ஆக, பழைய உடம்பில் ஐந்து கியர் ஏற்றுவது பட்டறைக்காரரின் குறும்பு அல்ல. காரைச் செய்தவர்களே செய்துபார்த்துச் சாலையில் விட்ட திருத்தம் அது. ‘அசலைக் கெடுக்கிறார்கள்’ என்று குறைப்படுகிறவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வேலையில் எங்கே சிக்கல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்ஜினையும் பெட்டியையும் ஜோடியாக ஏற்றினால் தலைவலி குறைவு, பழைய 1.5 இன்ஜினை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்ற வேண்டுமென்றால்தான் லேத் பட்டறைக்கு வேலை. இசுசுவின் பெல் ஹவுசிங் பழைய பிளாக்கின் போல்ட் துளைகளோடு ஒத்துப்போகாது. இடையில் ஒரு தகடு கடைந்து போட வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் புதுப் பெட்டியின் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். ஷாஃப்டின் நுனியைத் தாங்குகிற பைலட் பேரிங்கை அளவெடுத்துச் செய்ய வேண்டும். ஜாயின்ட் ஷாஃப்டின் நீளத்தைச் சரிபார்த்து, மாற்றினால் மறுபடி பேலன்ஸ் பண்ண வேண்டும். இத்தனையும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. தெரியாத வேலை ஒன்று உண்டு: சென்டர் பார்ப்பது. பிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முள் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொடும்படி வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு முழுச்சுற்று திருப்புவார்கள். கிராங்கின் மையமும் பெட்டியின் மையமும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் விலகக் கூடாது. மில்லிமீட்டரில் 0.127, ஏறக்குறைய ஒரு தாளின் கனம். அதற்கு மேல் விலகினால் கார் ஓடும், கியரும் விழும், ஓனர் பூசை போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார். சில மாதம் கழித்துப் பைலட் பேரிங் அலறும், டாப்பிலிருந்து கியர் நழுவும். “செகண்ட் ஹேண்ட் பெட்டி, அப்படித்தான் இருக்கும்” என்று பெட்டியின் தலையில் பழியைக் கட்டிவிடுவார்கள். கியர் பாக்ஸ் மாற்றத்துக்கு இருக்கிற கெட்ட பெயரில் பெரும்பகுதி, டயல் கேஜ் வைக்காத சோம்பலுக்குச் சேர வேண்டியது என்றே நினைக்கிறேன்.

இனி மறுப்புகள். அசல்தன்மை என்பது முதலாவது. 50 வயது கடந்த வண்டிகளுக்கான 2021-ம் ஆண்டு மத்திய அரசு விதி, ‘விண்டேஜ்’ என்று பதிவு பெற சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. ஆர்.சி. புக்கில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கின்றன; கியர் பாக்ஸ் நம்பர் இல்லை. இன்ஜினை மாற்றினால் அனுமதி, ஆர்.டி.ஓ. அலுவலகம் என்று அலைய வேண்டும். காரின் அடையாளம் எதில் இருக்கிறது என்று சட்டமே ஒருவிதத்தில் சொல்லிவிட்டது. என் நிபந்தனை சட்டத்தைவிடக் கடுமையானது: மாற்றியதைத் திருப்பி மாற்ற முடிய வேண்டும். பெட்டி போல்ட்டில் தொங்குவது, கழற்றினால் வந்துவிடும். வெட்டிய தரை வளராது. கான்டெசாவில் கியர் கம்பி முதலிலிருந்தே தரையில்தான், அதனால் தொல்லை குறைவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே கை கியர் வைத்த பழைய அம்பாசடரில்தான் கேஸ் கட்டரைத் தேடுகிறார்கள். அமெரிக்கர்கள் கியர் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது எதற்கென்று இப்போது புரியும். தொடக்க கால அம்பாசடரோ அதற்கு முந்தைய லேண்ட்மாஸ்டரோ கையில் இருந்தால், நான் சொல்வது எதையும் செய்ய வேண்டாம். அவற்றில் மிச்சம் இருப்பது கொஞ்சம்.

கை கியருக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. தரை காலியாக இருந்ததால் முன்சீட்டில் டிரைவரோடு மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். வாடகைக் கார் காலத்தில் அந்த நடு ஆள்தான் லாபம். தரைக் கியர் வந்தால் அவர் இறங்கிவிட வேண்டியதுதான். இன்று அந்தக் கார்கள் வாடகைக்கு ஓடவில்லை என்பதால் இந்த மறுப்பு தானாகவே தேய்ந்துவிட்டது. அதற்கு ஈடாகக் கிடைப்பது, முதல் கியரை உரசாமல் விழவைக்கிற சிங்க்ரோ. பழைய பெட்டியில் அது கிடையாது. கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் மாட்டு வண்டிக்காக வேகம் குறைத்து மறுபடி முதல் கியர் போடப் பார்த்தால், டபுள் கிளட்ச் தெரியாதவர் காலில் ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம் வரும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தச் சத்தத்தோடு வண்டி நின்றும்விடும்.

பிரேக்கைப் பற்றிய மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த காரில் ஐந்தாவது கியரைப் போட்டால், அதே வேகத்தில் போகிறேன் என்று சொன்னவர் கால் தானாகவே இறங்கும். சத்தம் இல்லாத வேகம் வேகமாகத் தெரியாது. மேலும், ஐந்தாவதில் காலை எடுத்தால் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுப்பது குறைவு. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் பிரேக், அடுத்து ஸ்டீயரிங் லூஸ், அப்புறம் பெட்டி. இந்த வரிசையைக் கேட்டதும் மெக்கானிக் சிரித்தால் வேறு பட்டறை பார்ப்பது நல்லது.

கடைசியாகப் பெட்டிக்கு எங்கே போவது? அமெரிக்காவில் புதிய பெட்டியையே அட்டைப்பெட்டியில் அனுப்புகிறார்கள். நமக்கு இருப்பது சென்னை புதுப்பேட்டையும் ஊருக்கு ஊர் காயலான் கடையும்தான். கான்டெசா 2002-ல் நின்றது. உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் 2014 மே மாதம் நின்றது. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகிறது என்று மத்திய அரசு விதி வந்தபின், அலுவலக வளாகங்களில் வேப்பமர நிழலில் நின்ற வெள்ளை அம்பாசடர்களும் உடைப்புக்குப் போகின்றன. அவற்றில் இசுசு இன்ஜின் வைத்தவற்றின் அடியில் ஐந்து கியர் பெட்டி இருக்கும். உடைப்பவருக்கு அது கிலோ கணக்கு இரும்பும் அலுமினியமும். வாங்கப் போகிறவர் டாப் கவரைத் திறந்து, சிங்க்ரோ ரிங்கின் பல் நுனி கூராக இருக்கிறதா மழுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆயிலில் கைவிட்டு உலோகத்தூள் தட்டுப்படுகிறதா என்று விரலைத் தேய்க்க வேண்டும். கழற்றிய பழைய நாலு கியர் பெட்டியைக் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, வீட்டிலேயே ஒரு மூலையில் வைத்துவிடலாம். எடைக்குப் போட்டால் கிடைப்பது ஒரு டயர் வாங்கக் காணாது.

(அடுத்த வாரம்: டிரம்மா, டிஸ்க்கா?)