மாமரம் பூக்க வெடியுப்பு

மாமரம் ஒரு வருஷம் மிகுதியாகக் காய்த்து மறு வருஷம் ஓய்ந்து நிற்பது குடியாத்தம், ஆம்பூர்ப் பிரதேசத்துக் குடியானவர்கள் நன்கறிந்த விஷயமாகும். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டைத் தெளித்து மாமரத்தைப் பூக்கச் செய்யலாமென்பதைப் பிலிப்பைன்ஸ் தேசத்து விஞ்ஞானி ரமோன் பார்பா 1970-களில் உலகறியச் செய்தார். பிப்ரவரியிலும் பூவாத மரங்களுக்கு, லிட்டர் நீருக்கு 10 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபார்சு செய்கின்றது.

நைட்ரேட்டின் வரவை உயிரணுவுக்குள் அறிவிக்கும் தூதுவன் கால்ஷியம். எனினும் தூது பயன்பட, கிளை நுனி முற்றியிருத்தல் அவசியம். இலை கரும்பச்சையாகி, கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். இளங்கிளையில் தெளித்தால் பூவுக்குப் பதிலாகத் தளிரே தோன்றும்.

தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றோரத்தில் உவர்ப்படைந்த நிலங்களில் மேலும் ஜாக்கிரதை தேவை. உப்பினால் நேரும் துன்பத்தை அணுவுக்கு அறிவிப்பதும் கால்ஷியமே. இலை நுனி கருகி நலிந்த மரத்தை வலிந்து பூக்கச் செய்தால், பிஞ்சைத் தாங்கும் சக்தி அதற்கிராது. முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரீக்ஷை செய்வித்தல் வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்ஸமிட்டு, நல்ல நீர் பாய்ச்சி உப்பை வடித்தல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை எடுத்துரைப்பின், வெடியுப்புக்கு இடும் பணம் வீணாகாது.