துணையை இழந்த அன்னமும் யானையும்: புதிய துணையைச் சேர்ப்பது எப்படி?

கேகாலை மாவட்டத்தின் பின்னவல யானைகள் சரணாலயத்தில், யானைகள் மகா ஓயாவில் குளிக்க இறங்கும் நேரம் பார்த்தால் ஒன்று விளங்கும். பெரும்பாலானவை ஒன்றையொன்று உரசிக்கொண்டும் தும்பிக்கையால் தடவிக்கொண்டுமே நிற்கும். 1975ஆம் ஆண்டு தாயை இழந்த குட்டிகளுக்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. இரத்த உறவில்லாத குட்டிகளே அங்கு ஒரு கூட்டமாகின. கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்த சாமா என்ற யானையும் அந்தக் கூட்டத்தில்தான் வளர்ந்தது.

1985இல் இலங்கையிலிருந்து பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்ட காவன் என்ற ஆண் குட்டிக்கு அப்படியொரு கூட்டம் வாய்க்கவில்லை. இஸ்லாமாபாத் மிருகக்காட்சிசாலையில் அதற்குத் துணையாக இருந்த சஹேலி 2012இல் இறந்தது. அதன்பின் எட்டு ஆண்டுகள் தனிமை. தலையை இருபுறமும் ஆட்டியபடியே காவன் நின்றுகொண்டிருந்தது. தனிமையும் அடைபட்ட வாழ்வும் யானைகளில் உண்டாக்கும் பாதிப்பு இது.

இன்னொரு யானையைக் கொண்டுவந்து விட்டால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். அது அத்தனை எளிதல்ல. அன்னங்களை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

துணை இறந்தால் அன்னமும் உயிரை விட்டுவிடும் என்று சொல்வார்கள். அன்னங்கள் பெரும்பாலும் ஆயுள்வரை ஒரே துணையுடன் வாழ்வது உண்மைதான். ஆனால் துணையை இழந்த பல அன்னங்கள் மீண்டும் இணை சேர்கின்றன. சில விரைவில் சேரும். சில நீண்டகாலம் தனித்தே இருக்கும். புதிய பறவையை நேரே பழைய அன்னத்தின் குளத்தில் விட்டால், அதை அத்துமீறி நுழைந்த எதிரியாகவே அது பார்க்கும். சிறகுகளை உயர்த்தித் துரத்தும். நீரில் அமுக்கிக் கொன்றும் விடலாம்.

அதனால் முதலில் நடுவே கம்பிவலை வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவும் குரல் கேட்கவும் வேண்டும். வலையின் இருபுறமும் அருகருகே உணவு வைக்கலாம். எதிரெதிரே நின்று தலையை நீரில் தோய்த்து எடுக்கத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி. அதன்பிறகே, முடிந்தால் இரண்டுக்கும் புதிதான, விலகி ஓட இடமுள்ள நீர்நிலையில் சேர்த்து விட வேண்டும். சண்டை மூண்டால் மறுபடி பிரித்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும்.

காவனுக்கும் அவசரப்படவில்லை. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதை இடம்மாற்ற உத்தரவிட்டது. 'ஃபோர் பாவ்ஸ்' அமைப்பின் மிருக வைத்தியர் அமீர் கலீல் பாட்டுப் பாடியே அதன் நம்பிக்கையைப் பெற்றார். உடல் எடை குறைக்கப்பட்டது; பயணக் கூண்டுக்குள் நுழையப் பழக்கப்பட்டது. நவம்பர் 30இல் விமானத்தில் கம்போடியா போய்ச் சேர்ந்தது. அங்கும் உடனே மற்ற யானைகளோடு விடப்படவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற யானையின் தும்பிக்கையைக் காவன் தன் தும்பிக்கையால் தொட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு யானையுடன் ஏற்பட்ட முதல் தொடுகை அது.

விலங்குகளை வைத்து மனிதரை அளக்க முடியாது. ஆனாலும் போரில் துணையை இழந்தவர்களிடம் "இன்னொரு வாழ்க்கையைத் தேடு" என்று நெருக்குவோரும், "இனி உனக்கு எதற்கு" என்று தடுப்போரும் நம்மிடையே இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் வருகைக்காகக் காத்திருப்பவருக்கோ, இழப்பே இன்னும் உறுதியாகவில்லை. ஓர் அன்னத்துக்கும் ஒரு யானைக்கும் காலமும் இடைவெளியும் கொடுக்க நமக்குத் தெரிகிறது. வேலியைத் தாண்டித் தொடுவதா, தனித்து நிற்பதா என்பதை அந்த உயிரே முடிவு செய்ய விடுகிறோம். மனிதருக்கும் அந்தளவு பொறுமையாவது வேண்டும்.