நிலமும் இரும்பும் – 14
நடுவில் ஆள் நிற்கக் கூடாது

மினி டிராக்டர் எவ்வளவு எடையைத் தூக்கும் என்று சென்ற வாரம் கணக்குப் போட்டோம். தூக்குவதற்கு முன்னால் மாட்ட வேண்டுமே, அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

ரொட்டாவேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் கொத்துக்கலப்பையை மாட்ட வேண்டும். ஓட்டுநர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கிறார். டிராக்டருக்கும் கலப்பைக்கும் நடுவில் இன்னொருவர் நின்று “வா, வா, இன்னும் கொஞ்சம்” என்கிறார். இடது லோயர் லிங்க் பின்னில் ஏறிவிடுகிறது. வலதுபக்கம் இரண்டு விரல் அகலம் இடிக்கிறது. கடப்பாரை வருகிறது. நடுவில் நிற்பவர் குனிந்து நெம்பும்போது கிளட்சிலிருந்து கால் வழுக்கினால் அவருக்கு ஒதுங்க இடமில்லை. நேரம் மிச்சமாகும், முதுகுவலி குறையும் என்று சொல்லித்தான், கருவியைச் சட்டென்று மாட்ட உதவும் குவிக் ஹிட்சை விற்கிறார்கள். என்னைக் கேட்டால், நடுவில் ஆள் நிற்க வேண்டியதில்லை என்ற ஒரு காரணமே அதை யோசிக்கப் போதும்.

கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே ஒரு டாப் லிங்க் என்ற இந்த மூன்றுமுனை இணைப்பு அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் தந்தது. காப்புரிமை 1926-ல் கிடைத்தது. 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரில் ஏறியபின் அமெரிக்கா முழுக்கப் பரவியது. (சென்னையின் டாஃபே தயாரிக்கும் மாஸி ஃபெர்குசன் டிராக்டரில் உள்ள பெயர் அவருடையதுதான்.) அதற்கு முன்பு கலப்பை டிராக்டரின் பின்னால் இழுபட்டு வரும். அது பாறையிலோ வேரிலோ சிக்கினால் டிராக்டரின் மூக்கு எழும்பி, ஓட்டுநர்மேலேயே மல்லாந்து விழுந்துவிடும். ஃபெர்குசனின் அமைப்பில் மேலே இருக்கும் டாப் லிங்க் அந்த நேரத்தில் டிராக்டரை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரங்களை மண்ணில் அழுத்துகிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த ஏற்பாடு அது. ஆனால் மாட்டும் வேலையை ஓட்டுநர் கீழே இறங்கித்தான் செய்ய வேண்டியிருந்தது.

இருக்கையைவிட்டு எழாமலே மாட்டும் வழி 1950-களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் ‘ஸ்னாப் கப்ளர்’ என்றும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ‘ஃபாஸ்ட் ஹிட்ச்’ என்றும் கொண்டுவந்தன. பின்னால் வந்தாலே கருவி சட்டென்று பூட்டிக்கொள்ளும். இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் ஒரு நிறுவனத்தின் டிராக்டர் வாங்கியவர் கலப்பையையும் அதே வகைப் பூட்டோடு வாங்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இரவல் வாங்கக்கூட முடியாது. ஃபெர்குசனின் மூன்றுமுனை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தரமாக மாறியதும் அவை இரண்டும் சந்தையைவிட்டு மறைந்தன. இன்றைய குவிக் ஹிட்ச், அந்தப் பொதுத் தரத்தின்மேலேயே அந்த வசதியைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி. அதனால்தான் அதன் பயன் ஹிட்சின் தரத்தைவிட உங்கள் கருவிகளின் அளவை நம்பி நிற்கிறது. கருவிகளை அளக்காமல் ஹிட்சை விலை பேசுவது வீண் செலவு.

பரவலாகக் கிடைப்பது கவிழ்த்த ‘ப’ வடிவச் சட்டம். கீழே இரண்டு கொக்கி, மேலே ஒரு கொக்கி. சட்டம் டிராக்டரிலேயே நிரந்தரமாக இருக்கும். அதைத் தாழ்த்திப் பின்னால் வந்து தூக்கினால் மூன்று கொக்கியும் கருவியின் மூன்று பின்களைக் கவ்விக்கொள்ளும். கழற்ற, கைப்பிடியை இழுத்துச் சட்டத்தைத் தாழ்த்த வேண்டும். நம் மினி டிராக்டர்களுக்குப் பொருந்தும் கேட்டகரி 1 அளவில் கீழ்க்கொக்கிகளுக்கு இடையே சுமார் 68 செ.மீ., கீழ்ப்பின்னிலிருந்து மேல்பின்னுக்கு 38 செ.மீ. உயரம். கருவியின் கீழ்ப்பின் 22 மி.மீ., மேல்பின் 19 மி.மீ. தடிமன். கொக்கியில் ஆடாமல் உட்கார, இவற்றின்மேல் புஷ் போட வேண்டும். புஷ் போடாமல் ஓட்டினால் பின் அடிவாங்கிச் சீக்கிரம் தேயும்.

முதல் சிக்கல் அந்த 38 செ.மீ. உயரத்தில் வரும். உள்ளூர்ப் பட்டறையில் அடித்த கலப்பையில் டாப் லிங்க் துளை பட்டறைக்குப் பட்டறை மாறும். அகலத்திலும் சிக்கல் உண்டு. குறுகலான டிராக்டர்களுக்கென்றே 1என் என்று ஒரு வகையும் உலகத் தரநிலையில் இருக்கிறது. அந்த அளவில் செய்த கருவியின் கீழ்ப்பின்கள் கேட்டகரி 1 கொக்கிக்கு எட்டாது. மேல்கொக்கியை ஏற்றி இறக்கும் வசதியுள்ள சட்டம் கிடைத்தால் உயரப் பிரச்சினை ஓரளவு தீரும். அகலப் பிரச்சினைக்கு வெல்டிங்தான். குழி தோண்டும் ஆகரைப் பெரும்பாலும் இதில் மாட்டவே முடியாது, அதன் மேல்கை நேராக டிராக்டரில் பூட்டுவதற்காகச் செய்தது.

அளவெல்லாம் பொருந்தினாலும் ஒரு விலை உண்டு. சட்டம் கருவியை ஏறக்குறைய 10 செ.மீ. பின்னுக்குத் தள்ளுகிறது, தன் எடையையும் சேர்க்கிறது. பெரிய டிராக்டருக்கு இது தெரியாது, மினி டிராக்டருக்குத் தெரியும். கணக்குக்காக 250 கிலோ ரொட்டாவேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை மையம் பின் அச்சிலிருந்து 130 செ.மீ. தூரம், முன் பின் சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. கருவியைத் தூக்கியதும் முன்சக்கரங்களின்மேல் சுமார் 217 கிலோ பாரம் குறைகிறது. 40 கிலோ சட்டத்தை நடுவில் மாட்டினால் இது சுமார் 256 கிலோ ஆகிறது. ஏறக்குறைய 40 கிலோ கூடுதலாகக் குறைந்தால், வரப்பு ஏறும்போது ஸ்டீயரிங் திருப்பியும் டிராக்டர் திரும்பாமல் நேராகப் போகலாம். முன்னால் வெயிட் பூட்ட இடமில்லாத டிராக்டருக்கு இந்தச் சட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என்ஜின் விசையைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டையும் அதே 10 செ.மீ. பாதிக்கும். ஷாஃப்டின் இரண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று போதிய நீளம் நுழைந்திருக்க வேண்டும். கருவி பின்னுக்குப் போனதும் இந்த நுழைவு குறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது ஷாஃப்ட் பிரிந்துவிட்டால், நிமிடத்துக்கு 540 முறை சுழலும் இரும்பு கட்டின்றி வீசும். சட்டம் மாட்டிய அன்றே, என்ஜினை நிறுத்திவிட்டு, கருவியை மேலே, நடுவில், கீழே என்று வைத்து நுழைவை அளந்து பாருங்கள். குறைந்தால் நீளமான ஷாஃப்ட் வாங்குங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: எந்தக் குவிக் ஹிட்சானாலும் இந்தச் சாதாரண ஷாஃப்டைக் கையால்தான் பூட்ட வேண்டும். அப்போது என்ஜின் நின்றிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் முக்கோணச் சட்டமும், லோயர் லிங்க் முனையிலேயே கொக்கி வைத்த அமைப்பும் அதிகம். கொக்கி முனையில் கருவியின் பின்மேல் ஒரு உருண்டையைக் கோத்துவிட்டால் போதும். டாப் லிங்க் துளை எந்த உயரத்தில் இருந்தாலும் கவலையில்லை. டாப் லிங்கை மட்டும் கையால் மாட்ட வேண்டும். பட்டறைக் கருவிகள் கலந்து கிடக்கும் நம் தோட்டங்களுக்கு இந்தக் கொக்கிமுனை வகைதான் அதிகம் ஒத்துப்போகும் என்பது என் கருத்து.

இரண்டே கருவி, அதையும் பருவத்துக்கு ஒருமுறை மாற்றுபவர் எதுவும் வாங்க வேண்டாம். நீண்டு சுருங்கும் முனை கொண்ட லோயர் லிங்க் உங்கள் டிராக்டருக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். டிராக்டரை நிறுத்திவிட்டு முனையை இழுத்துப் பின்னில் மாட்டலாம்; பிறகு டிராக்டரைப் பின்னோக்கி நகர்த்தினால் முனை தானாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். எடையும் கூடாது, தூரமும் கூடாது. இன்றிருக்கும் சாதா இணைப்பிலேயே முதலில் இடது, அடுத்து ஏற்றி இறக்கும் திருகு உள்ள வலது, கடைசியில் டாப் லிங்க் என்று மாட்டிப் பழகினால் கடப்பாரைக்கு வேலை பாதி குறையும். கருவியைச் சமதளமான சிமென்ட் தரையில், ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தினால் மீதியும் குறையும்.

வாடகைக்கு ஓட்டுபவர் கதை வேறு. காலையில் ஒருவர் தோட்டத்தில் ரொட்டாவேட்டர், மதியம் இன்னொருவருக்குக் கொத்துக்கலப்பை, மாலையில் பார் பிடிப்பது என்றால் மூன்று கருவியையும் ஒரே அளவுக்குப் பட்டறையில் திருத்தி, புஷ் போட்டு, ‘ப’ சட்டத்தையே வாங்கலாம். திருத்தும் செலவையும் சேர்த்துத்தான் ஹிட்சின் விலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது டேப்பும், மூன்று கருவிகளின் பின் தடிமன், அகலம், உயரம் எழுதிய தாளும் கையில் இருக்கட்டும். எந்தக் கருவிக்குப் பொருந்தாது என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள்.

(தொடரும்)