வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ணணுமா? முதலில் எதை வாங்கணும்?

1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் தன் முதல் ஸ்டுடியோவைத் தொடங்கியது கோடம்பாக்கம் வீட்டின் பின்பக்கத்தில்தான். இன்று தொடங்க ஒரு லேப்டாப்பே போதும். திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஓரம் வீடு, திருப்புகழ் பாடிப் பதிவு செய்ய ஆசை என்று வைத்துக்கொள்வோம். எதற்குச் செலவு செய்யலாம்?

சாஃப்ட்வேர்: காசே வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் 'ஆடாசிட்டி' இலவசம். மேக்கில் 'கராஜ்பேண்ட்' இலவசம். 'ரீப்பர்' 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

மைக்: பணம் போட வேண்டியது இங்கேதான். கண்டென்சர் மைக் நுணுக்கமாகப் பிடிக்கும். தெருவில் போகும் பஸ் ஹாரனையும் சேர்த்து! இரைச்சலான வீட்டுக்கு டைனமிக் மைக்தான் சரி. வாயருகே வைத்துப் பாடுங்க.

இன்டர்ஃபேஸ்: யூ.எஸ்.பி. மைக்குக்குத் தேவையில்லை. எக்ஸ்.எல்.ஆர். மைக்குக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் கட்டாயம். குரலையும் மிருதங்கத்தையும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் எடுக்க, 2 மைக் இன்புட் இருக்கணும்.

ஹெட்போன்: காதை முழுசா மூடுவதாக வாங்குங்க. சுருதிப் பெட்டி சத்தம் மைக்கில் கசியாது.

அறை: மெத்தை, துணிகள் நிறைந்த அறையில் எதிரொலி குறையும். ஆனால் வெளிச்சத்தம் நிற்காது. அதனால், பௌர்ணமி இரவில் மட்டும் ரெக்கார்டிங் வேண்டாம்; ஊரே 14 கி.மீ. நடந்துகொண்டிருக்கும்!