மேய்ச்சல் நிலமும் கால்நடை லாபமும்

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் முன்னாளில் சாமை, கேழ்வரகு, திணை ஆகியவற்றின் தாளே மாடுகளுக்குக் கோடைத் தீனியாக உதவிற்று. சென்ற சில பத்தாண்டுகளில் மரவள்ளிச் சாகுபடி பரவிச் சிறுதானியங்கள் குறைந்தமையால் தாளும் அருகியது. மேய்ச்சல் புல்லின்மேல் பாரம் ஏறியது. இந்நிலையில் மாட்டினால் லாபம் பெறுவதும், புல் நிலத்தைச் சந்ததிக்கு விட்டுச்செல்வதும் எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

இதற்குக் காங்கேயம் சீமையின் கொரங்காடுகள் நல்ல திருஷ்டாந்தமாகும். ஆண்டொன்றுக்குச் சுமார் 25 அங்குல மழையே பெறும் அவ்விடத்தில், நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலியிட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் குடியானவர்கள் பேணி வருகின்றனர். ஒரு காட்டில் மேய்ந்த மாடுகளை மறு காட்டுக்கு மாற்றுவதால் புல் தழைக்க அவகாசம் கிடைக்கிறது. வேலமரம் நிழலும், கோடையில் காயும் தருகிறது. காங்கேயம் இனம் பெயர்பெற்றதற்குப் பழையகோட்டைப் பட்டக்காரரின் மந்தை முக்கிய காரணமாயினும், அம்மந்தைகளைத் தாங்கியது இம்மேய்ச்சல் நிலமேயாகும்.

இம்முறையின் காரணம் எளிது. புல் தன் இலையினால் உணவு தயாரித்து வேரை வளர்க்கிறது. மறுபடி தழைக்குமுன் திரும்பத் திரும்பக் கடிக்கப்பட்டால் வேர் சுருங்கும். நல்ல புல் அழிந்து, மாடு தொடாத களையே மிஞ்சும். மலைச்சரிவிலோ கேடு இன்னும் பெரிது. வெறுமையான தரையின் மேல்மண்ணை ஒரு பெருமழையே அடித்துச் செல்லும். போன மண்ணை எவராலும் மீட்க இயலாது.

ஆகையால் ஆலத்தூர் நாட்டார் காங்கேயத்துப் புல்லைக் கொண்டுவர வேண்டுவதில்லை. முறையைக் கைக்கொண்டாற் போதும். நிலத்தை, உதாரணமாக, 4 பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தில் ஒரு வாரம் மேய்த்தால், ஒவ்வொரு பாகத்துக்கும் 3 வாரம் ஓய்வு கிட்டும். புல் வளர்ச்சி மந்தப்படும் கோடையில் ஓய்வை நீட்டுதல் வேண்டும். உயிர்வேலியைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்தல் நலம். பூக்கும் பருவத்துப் புல்லை அறுத்து உலர்த்திச் சேமிக்கலாம்.

மாட்டின் எண்ணிக்கை லாபமாகாது. அரைவயிறு உண்ணும் பசு பிந்திச் சினையாகும்; பாலும் குறையும். உபரி மாடுகளைக் கோடைக்கு முன்பே, உடல் இளைக்காதபோது விற்பவருக்கு நல்ல விலையும், மீதி மாடுகளுக்குப் போதிய தீனியும் கிடைக்கும்.

பொது மேய்ச்சல் நிலத்திலோ, ஒருவர் அடக்கிக்கொண்டு மற்றவர் மேய்த்தால் பயனில்லை. எனவே கிராம உத்தியோகஸ்தர்கள் ஊராரைக் கூட்டி, மழைக்காலத் தொடக்கத்திலேயே எப்பாகத்தை எப்போது மூடுவதென முறைவைத்து, அதனை யாவரும் அனுசரிக்கச் செய்தல் இன்றியமையாதது.